பெயர் சொல்லாத துப்பறிகிறவர்

மர்மக் கதை எழுதுகிறவனைச் சந்திக்கிறவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான் அது. குடும்ப நாவல் எழுதுகிறவனை யாரும் இப்படிக் கேட்பதில்லை. மாமியார் மருமகள் சண்டையும், மூத்த பிள்ளை தனிக்குடித்தனம் போவதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள். கொலை அப்படியல்ல. அதைப் பற்றி எழுதுகிறவன் கொலைகாரனோடு பழகியிருக்க வேண்டும், அல்லது போலீஸ்காரரோடாவது பழகியிருக்க வேண்டும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நான் உண்மையையே சொல்லிவிடுவது வழக்கம். புத்தகம் படித்துத்தான் தெரியும். இருபது வருஷமாக வாரப் பத்திரிகைகளில் பிணம் விழ வைத்துக்கொண்டிருக்கிறேன். துப்பறிவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை நான் நேரில் கண்டது கிடையாது.

இதற்காக வெட்கப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தத் துறையில் பெயர் வாங்கியவர்களில் அநேகம் பேர் என்னைப் போலத்தான். கானன் டாயில் வைத்தியர். அகாதா கிறிஸ்டி முதல் மகாயுத்தத்தின்போது ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவர். விஷங்களைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும், போலீஸ் ஸ்டேஷனைப் பற்றித் தெரியும் என்று சொல்ல முடியாது. நம்முடைய ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இங்கிலீஷ் நாவல்களைத் தழுவி எழுதியே தமிழ் வாசகர்களை விடிய விடிய விழித்திருக்கச் செய்தார்கள். லண்டன் மூடுபனி மன்னார்குடிப் பக்கம் வந்து இறங்கியபோது யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஆனால் எழுத உட்காருவதற்கு முன்னால் சம்பளம் வாங்கிக்கொண்டு நிஜமாகவே துப்பறிந்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்கர். டாஷியல் ஹாமெட் என்று பெயர். ஐந்தே ஐந்து நாவல்கள் எழுதினார். மர்ம நாவலின் போக்கையே அவை மாற்றிவிட்டன. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு இருபத்தேழு வருஷம் உயிரோடிருந்தார். அவருடைய புத்தகங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அதைவிட, 1951-ஆம் வருஷம் ஜூலை மாதம் நியூயார்க் நகரத்துக் கோர்ட்டு ஒன்றில் அவர் செய்த காரியம் என் மனசில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. துப்பறிகிறவர்களைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவர்கள் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஹாமெட் 1894-ஆம் வருஷம் மே 27-ஆம் தேதி மேரிலாண்ட் மாகாணத்தில் பிறந்தார். பதினாலு வயசில் பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில் நான் அவரைவிடப் படித்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம்! எடுபிடி, குமாஸ்தா, கப்பலில் சரக்கேற்றும் கூலி என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். 1915-இல் பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து மனுப் போட்டார். என்ன வேலை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. போய்ப் பார்த்தால், விளம்பரம் செய்தவர்கள் பிங்க்கர்ட்டன் துப்பறியும் நிலையத்தார்.

இந்த நிலையத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இதை ஸ்தாபித்த ஆலன் பிங்க்கர்ட்டன் ஸ்காட்லாந்துக்காரர். பீப்பாய் செய்யும் தொழிலாளி. தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்திருந்து, 1842-இல் அமெரிக்காவுக்கு ஓடி வந்தவர். சிகாகோவில் அவர் தொடங்கிய நிலையத்தின் முத்திரை, விழித்திருக்கும் ஒற்றைக் கண். அதன் கீழே, நாங்கள் உறங்குவதே இல்லை என்ற வாசகம். தனியார் துப்பறிகிறவரை இங்கிலீஷில் 'ஐ' என்று கண்ணைச் சொல்லி அழைப்பதற்கு இந்த முத்திரையையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ரயில் கொள்ளைக்காரர்களைத் துரத்தியதில் நிலையம் புகழ் பெற்றது. பணம் பெற்றது வேறு வழியில். சுரங்க முதலாளிகளும் ஆலை முதலாளிகளும் வேலைநிறுத்தத்தை உடைப்பதற்கு பிங்க்கர்ட்டன் ஆட்களை வாடகைக்கு எடுத்தார்கள். 1892-இல் பென்சில்வேனியாவில் ஹோம்ஸ்டெட் என்ற ஊரில், கார்னகியின் எஃகு ஆலைத் தொழிலாளர்களை எதிர்க்க முந்நூறு பிங்க்கர்ட்டன் ஆட்கள் ஆற்று வழியாகப் படகில் வந்து இறங்கினார்கள். நாள் முழுவதும் துப்பாக்கிச் சண்டை நடந்து இரண்டு பக்கத்திலும் ஆட்கள் செத்தார்கள். சார்ட்டிஸ்ட் ஆரம்பித்த கம்பெனியின் கதி இது.

ஹாமெட் சேர்ந்த காலத்தில் வேலை இப்படித்தான் இருந்தது: ஒருவன் பின்னாலேயே போய் அவன் எங்கே போகிறான் என்று பார்ப்பது, பாங்கியில் பணத்தைக் கையாடிய குமாஸ்தாவைத் தேடுவது, திருட்டு நகையை மீட்பது, தொழிலாளி வேஷம் போட்டுக்கொண்டு சங்கத்தில் நுழைந்து, யார் யார் பேசுகிறார்கள் என்று பெயர் எழுதி அனுப்புவது. ஹாமெட் பிற்காலத்தில், 1923-இல், தம் அனுபவங்களைத் துண்டு துண்டாக ஒரு பத்திரிகையில் எழுதினார். ராட்டினத்தையே திருடிக்கொண்டு போன ஒருவனைத் தமக்குத் தெரியும் என்கிறார். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவன் ஊருக்கு வெளியே உலாவக் கிளம்புகிறான். ஹாமெட் அவனுக்குத் தெரியாமல் பின்தொடர்கிறார். அவன் வழி தப்பிவிட்டான். கடைசியில் ஹாமெட்டே அவனுக்கு ஊருக்குத் திரும்பும் வழியைச் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று! இப்படி ஒரு காட்சியை, அறையில் உட்கார்ந்து யோசித்து நானும் என் சகாக்களும் நூறு வருஷம் ஆனாலும் எழுத மாட்டோம்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருக்கிறார். என் தொடர்கதைகளை ஒன்று விடாமல் படிப்பவர், படித்துவிட்டுச் சிரிப்பவர். ஒரு நாள் சொன்னார்: "தம்பி, உங்க கதையில எல்லாரும் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்கிறாங்க. என் சர்வீஸ்ல அப்படி ஒரு கேஸ்கூட நான் பார்த்ததில்லை. எவனாவது ஒருத்தன் வந்து ஒரு பேரைச் சொல்லுவான். அப்புறம் தேடிப் போய்ப் பிடிக்கிறதுதான் எங்க வேலை."

"யார் வந்து சொல்வார்கள்?" என்று கேட்டேன்.

"பங்காளி சொல்லுவான். பொண்டாட்டி சொல்லுவா. கூடவே போய்த் திருடினவன், பங்கு சரியா வரலைன்னு சொல்லுவான். யாருமே சொல்லலைன்னா கேஸ் அப்படியே கிடக்கும்."

இதைக் கேட்டபோது எனக்கு ஹாமெட்டின் கதைகள்தான் ஞாபகம் வந்தன. அவருடைய துப்பறிகிறவன் சிகரெட் சாம்பலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவன் இல்லை. வீடு வீடாகப் போவான். ஓட்டல்காரன், டாக்ஸி டிரைவர், லிப்ட் பையன், வேலைக்காரி என்று வரிசையாகப் பேச்சுக் கொடுப்பான். பத்துப் பேர் பொய் சொல்வார்கள். அந்தப் பொய்களை ஒன்றோடொன்று உரசிப் பார்ப்பான். கடைசியில் பயத்தினாலோ ஆசையினாலோ ஒருவன் வாய் திறப்பான்.

பிங்க்கர்ட்டன் ஆட்கள் தினந்தோறும் ரிப்போர்ட் எழுத வேண்டும். எத்தனை மணிக்கு எங்கே நின்றேன், யார் வந்தார், என்ன உடுத்தியிருந்தார், என்ன பேசினார், எனக்கு என்ன செலவு. அவ்வளவுதான். அவன் மனசில் என்ன நினைத்தான் என்பதை ரிப்போர்ட்டில் எழுத முடியாது. அது எழுதுகிறவனுக்குத் தெரியாது. ஹாமெட்டின் வசனநடை இந்த ரிப்போர்ட்டிலிருந்து பிறந்தது என்று சொல்வது மிகையாகாது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, இரண்டுதான். பாத்திரத்தின் மனசுக்குள் புகுந்து பார்க்கிற பழக்கமே கிடையாது. ஹெமிங்வேயைப் பார்த்து எழுதினார் என்று சிலர் சொல்வார்கள். இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுத ஆரம்பித்தவர்கள். ரிப்போர்ட் எழுதிப் பழகியவருக்கு ஹெமிங்வேயிடம் போய்ப் படிக்க வேண்டிய அவசியம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1918-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். யுத்தகளத்துக்குப் போகவில்லை, மேரிலாண்ட் முகாமிலேயே விஷ ஜுரம் வந்து, அதிலிருந்து க்ஷயரோகம் பற்றிக்கொண்டது. பட்டாளம் அனுப்பிவிட்டது. மறுபடியும் பிங்க்கர்ட்டனில் சேர்ந்து வடமேற்கே ஸ்போக்கேன் நகரத்தில் வேலை பார்த்தார். 1920-இல் டக்கோமா என்ற ஊரில் ஆஸ்பத்திரியில் படுத்தார். அங்கே நர்ஸாக இருந்த பெண்ணை மறு வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தை பிறந்தது. உடம்போ, தெருத் தெருவாக அலைகிற உத்தியோகத்துக்கு லாயக்கில்லை. பப்ளிக் லைப்ரரியில் போய் உட்கார்ந்து படித்தார். வீட்டுக்கு வந்து எழுதினார். 'பிளாக் மாஸ்க்' என்ற மட்டரகக் காகிதத்தில் அச்சாகும் பத்திரிகை, வார்த்தைக்கு ஒரு சென்ட் என்ற கணக்கில் வாங்கிக்கொண்டது. இலக்கியம் என்று யாரும் அதைக் கருதவில்லை. வீட்டு வாடகைக்கும் பால் பாக்கிக்கும் எழுதிய எழுத்து அது. இரண்டாவது குழந்தை பிறந்த 1926-இல், எழுத்தை விட்டுவிட்டு ஒரு நகைக் கடைக்கு விளம்பரம் எழுதப் போனார். சில மாதங்களில் ஆபீஸிலேயே ரத்தம் கக்கி விழுந்தார். நோய் குழந்தைகளுக்குத் தொற்றிவிடும் என்பதால் குடும்பத்தை விட்டு விலகி வேறு இடத்தில் இருக்கும்படி ஆயிற்று. தனி அறை, இருமல், டைப்ரைட்டர், சாராயம். அந்த நாலைந்து வருஷத்தில்தான் நல்ல புத்தகங்கள் எல்லாம் வந்தன.

ஆரம்பக் கதைகளில் வருகிற துப்பறிகிறவனுக்குப் பெயர் கிடையாது. காண்டினென்டல் துப்பறியும் நிலையத்து ஆள், நாற்பது வயசு, குள்ளம், தொந்தி. கதையைச் சொல்கிறவனும் அவனே. முப்பதுக்கு மேற்பட்ட கதைகளிலும் இரண்டு நாவல்களிலும் வந்து போகிறான். ஒரு இடத்திலாவது பெயரைச் சொல்ல மாட்டான். நம்முடைய ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் பெயரைத் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் இல்லை என்று ஒரு காலம் இருந்தது. இந்த மனிதனோ எத்தனையோ பேருடைய பெயர்களைக் கண்டுபிடிக்கிறான். தன் பெயரை மட்டும் கொடுப்பதில்லை. ஹாமெட் இதை ஒரு தந்திரமாகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ரிப்போர்ட்டில் எழுதுகிறவனுடைய பெயர் முக்கியமில்லை, அவ்வளவுதான்.

1929-இல் வந்த முதல் நாவல் 'ரெட் ஹார்வெஸ்ட்.' சுரங்க முதலாளி ஒருவர் வேலைநிறுத்தத்தை உடைப்பதற்காக ரௌடிகளை ஊருக்குள் கொண்டுவருகிறார். வேலைநிறுத்தம் உடைந்தது, ரௌடிகள் போகவில்லை. ஊரையே பங்கு போட்டுக்கொண்டார்கள். அங்கே வந்து சேருகிற நம் குள்ள மனிதன் அவர்களை ஒருவர் மேல் ஒருவரை ஏவி விடுகிறான். வரிசையாகப் பிணங்கள் விழுகின்றன. ஒரு கட்டத்தில், ரத்தம் தனக்கும் ருசிக்க ஆரம்பித்துவிட்டதோ என்று அவனுக்கே பயம் வந்துவிடுகிறது. மேலதிகாரிக்கு அனுப்புகிற ரிப்போர்ட்டில் பொய் எழுதத் தொடங்குகிறான். ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை எழுதிய புத்தகத்தில் இதைவிடப் பெரிய அதர்மம் இருக்க முடியாது. மர்ம நாவலில் கொலைகாரன் அகப்பட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்பது இங்கிலீஷ் கிராமத்து மாளிகையில் நடக்கிற கொலைகளின் விதி. இந்த ஊரில் யாரைப் பிடித்தாலும் எதுவும் சரியாகாது.

அந்த ஊருக்கு மாதிரி, மான்டானாவில் உள்ள ப்யூட் என்ற செம்புச் சுரங்க நகரம் என்பது பலர் கருத்து. அங்கே 1917 ஆகஸ்டு முதல் தேதி விடியற்காலையில், பிராங்க் லிட்டில் என்ற தொழிலாளர் தலைவரை, முகமூடி போட்ட ஆறு பேர் அவர் தங்கியிருந்த அறையிலிருந்து இழுத்துக்கொண்டு போய் ரயில் பாலத்தில் தூக்கில் தொங்கவிட்டார்கள். கால் ஒடிந்து கட்டுப் போட்டிருந்த மனிதர் அவர். அதற்காக ஒருவர்கூடக் கூண்டில் ஏற்றப்படவில்லை. லிட்டிலைத் தீர்த்துக்கட்ட ஐயாயிரம் டாலர் தருவதாகச் சுரங்க அதிகாரி ஒருவர் தம்மிடம் சொன்னதாக ஹாமெட் கூறியிருக்கிறார். கூறியது லில்லியன் ஹெல்மனிடம். இந்த நாடகாசிரியையை அவர் 1930-இல் சந்தித்தார். சாகும் வரையில் இருவருக்கும் உறவு இருந்தது. இந்தச் சம்பவத்துக்கு ஹெல்மன் ஒருவர்தான் சாட்சி. ஹெல்மனுடைய வார்த்தைகளில் 'அண்ட்'டும் 'தி'யும்கூடப் பொய் என்று மேரி மெக்கார்த்தி என்ற இன்னொரு எழுத்தாளர் 1980-இல் டெலிவிஷனில் சொல்லி, ஹெல்மன் வழக்குத் தொடுத்தது தனிக் கதை. நான் இதை நம்புகிறேனா என்றால், நடந்தது என்பதைவிட, ஹாமெட் அப்படிச் சொன்னார் என்பதை நம்புகிறேன். தாம் பார்த்த உத்தியோகத்தை எந்தக் கண்ணோடு திரும்பிப் பார்த்தார் என்பதற்கு அதுவே போதும்.

பிறகு வந்தது 'மால்ட்டீஸ் ஃபால்கன்.' பத்திரிகையில் தொடராக வந்து 1930-இல் புத்தகமாயிற்று. 1941-இல் ஹம்ப்ரி போகார்ட் நடித்த படத்தினால் உலகமெல்லாம் தெரிந்தது. அதில் முதலில் சாகிறவன் சுடப்பட்ட சந்தில், இன்றும் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். இன்ன இடத்தில் இன்னாரை இன்னார் கொன்றார் என்று அதில் எழுதியிருக்கிறது. கதையின் முடிவையே தெருவில் எழுதி வைத்தால் எங்கள் தொழில் என்னாவது? நான் சொல்ல மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாவலின் நடுவில், கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சின்னக் கதையைத் துப்பறிகிறவன் சொல்கிறான். டக்கோமாவில் ஒரு வீட்டுத் தரகர். மனைவி, குழந்தைகள், நல்ல வருமானம். மத்தியானம் சாப்பிடப் போகிறபோது, கட்டிக்கொண்டிருக்கிற கட்டடத்திலிருந்து ஒரு உத்திரம் அவர் பக்கத்தில் விழுகிறது. நடைபாதைக் கல் சிதறிக் கன்னத்தில் லேசாகக் கீறியதோடு சரி. ஆனால் மனிதர் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒழுங்காக வாழ்வதற்கும் உயிரோடிருப்பதற்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஊர் ஊராகச் சுற்றுகிறார். சில வருஷம் கழித்துத் தேடிப் பிடித்தால், ஸ்போக்கேனில் இருக்கிறார். வேறு பெயர், வேறு மனைவி, வேறு குழந்தை, அதே மாதிரி வாழ்க்கை. உத்திரம் விழும் என்ற நிலைக்குத் தம்மைச் சரிப்படுத்திக்கொண்டார். அப்புறம் உத்திரம் எதுவும் விழவில்லை. விழாத நிலைக்கும் சரிப்படுத்திக்கொண்டார். இதை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. டக்கோமாவில் க்ஷயரோகத்தோடு படுத்திருந்தவர் எழுதியது இது. இதற்கு ஒரு விளக்கமும் அவர் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பெண்ணும் ஏதோ ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள்.

1931-இல் 'கிளாஸ் கீ.' 1934-இல் 'தின் மேன்.' இந்தக் கடைசி நாவல் படமாக வந்து, படத்துக்குப் பின் படமாக மொத்தம் ஆறு வந்தது. பணம் கொட்டியது. ஹாலிவுட்டில் வாரச் சம்பளம், கார், சூதாட்டம், குடி. வந்த பணத்தை எல்லாம் தண்ணீராக இறைத்தார், கேட்டவர்களுக்கும் கொடுத்தார். நாவல் மட்டும் வரவில்லை. ஹெல்மனுக்கு அவருடைய முதல் நாடகத்தின் கதையைக் கொடுத்தவர் ஹாமெட்தான். எடின்பரோவில் 1810-இல் நடந்த ஒரு பழைய வழக்கைப் பற்றிய புத்தகத்தைக் காட்டி, இதை எழுது என்றார். அடித்துத் திருத்தி, திரும்ப எழுதச் சொல்லி, மறுபடியும் அடித்துத் திருத்தினார். பிறர் எழுத்தைச் செப்பனிட அவருக்குத் தெம்பு இருந்தது.

ஏன் நிறுத்தினார்? குடி என்பார்கள், நோய் என்பார்கள், பணம் என்பார்கள். கடைசிக் காலத்தில் ஒரு பத்திரிகை நிருபரிடம் அவரே ஒரு காரணம் சொன்னார். எழுதியதையே திரும்ப எழுதுகிறோம் என்று தெரிந்தது, அதனால் நிறுத்தினேன். தனக்கென்று ஒரு நடை இருப்பதாக எழுத்தாளன் கண்டுகொண்டால் அது முடிவின் ஆரம்பம் என்றார். இது முழுக் காரணமாக இருக்க முடியாது. ஆனாலும் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். மூன்றாவது அத்தியாயத்தில் பிணம், ஏழாவதில் இரண்டாவது பிணம், பதினெட்டாவதில் சந்தேகம் கதாநாயகி மேல் என்று கை தானாகவே எழுதிக்கொண்டு போகும். பத்திரிகாசிரியர், போன கதை மாதிரியே இன்னொன்று கொடுங்கள் என்பார், கொடுப்போம். அரிசி வாங்க வேண்டுமல்லவா! ஹாமெட்டுக்கு அரிசிக் கவலை தீர்ந்துபோனதும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். தீர்ந்தபோது, எழுதாமல் இருக்கிற தைரியம் வந்துவிட்டது.

முப்பதுகளின் நடுவில் அவர் மனசு அரசியலில் திரும்பியது. கம்யூனிஸ்டு கட்சியில் சேர்ந்தார். பிங்க்கர்ட்டன்காரர் தொழிலாளர் பக்கம் போய்ச் சேர்ந்ததைப் பிராயச்சித்தம் என்று சொல்ல எனக்கு ஆசை; ஆனால் விஷயம் அவ்வளவு சுத்தமாக இல்லை. 1938-இல் ஸ்டாலினுடைய மாஸ்கோ விசாரணைகளை ஆதரித்து அமெரிக்க எழுத்தாளர்களும் கலைஞர்களும் ஓர் அறிக்கை விட்டார்கள். அதில் ஹாமெட்டின் கையெழுத்து இருக்கிறது. அந்த விசாரணைகளில் கூண்டில் நின்றவர்கள் செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்டார்கள், பிறர் பெயர்களையும் சொன்னார்கள், சுடப்பட்டார்கள். பொய் வாக்குமூலத்தை மோப்பம் பிடிக்கிறதே தொழிலாக இருந்த ஒருவர் இதை எப்படி நம்பினார்? வேண்டுமென்றே மூக்கைப் பொத்திக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். இதை அவர் கணக்கிலிருந்து அழித்துவிட முடியாது.

இரண்டாவது மகாயுத்தம் வந்தது. 1942-இல் நாற்பத்தெட்டு வயசில், க்ஷயரோகத் தழும்புள்ள நுரையீரலோடு, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அலாஸ்காவுக்கு அப்பால் அலூஷியன் தீவுகளில் ஏடாக் என்ற பனித் தீவில் போட்டார்கள். அங்கே சிப்பாய்களுக்காக ஒரு தினசரிப் பத்திரிகை நடத்தினார். அவர் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான் என்று தோன்றுகிறது.

யுத்தம் முடிந்து வந்ததும் 'சிவில் ரைட்ஸ் காங்கிரஸ்' என்ற ஸ்தாபனத்தின் ஜாமீன் நிதிக்குத் தருமகர்த்தாக்களில் ஒருவரானார். பலர் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்து, கைதானவர்களுக்கு ஜாமீன் கட்டுவது நிதியின் வேலை. 1949-இல் கம்யூனிஸ்டு கட்சித் தலைவர்கள் பதினோரு பேருக்குத் தண்டனை விதித்தபோது, இந்த நிதிதான் ஜாமீன் கட்டியது. 1951 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை உறுதி செய்தது. ஜூலை 2-ஆம் தேதி சரணடைய வேண்டிய நேரத்தில் நாலு பேர் வரவில்லை, தலைமறைவாகிவிட்டார்கள். நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் என்று தெரிந்தால், அவர்களில் யாராவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தேடலாம். சர்க்கார் பெயர்களைக் கேட்டது.

துப்பறிகிற முறையில் பார்த்தால் இது சரியான வழிதான். ஹாமெட்டின் குள்ள மனிதனும் இப்படித்தான் தொடங்கியிருப்பான்.

ஜூலை 9-ஆம் தேதி ஹாமெட் கூண்டில் ஏறினார். வெள்ளைத் தலை, ஒல்லி உடம்பு. பணம் கொடுத்தவர்கள் யார்? பதில் சொல்ல மறுக்கிறேன், அது என்மேலேயே குற்றம் சுமத்தக்கூடும். நீங்கள் நிதியின் தருமகர்த்தாவா? மறுக்கிறேன். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிற இந்த இரண்டு எழுத்து உங்கள் கையெழுத்துத்தானே? மறுக்கிறேன். அவருடைய சொந்தப் பெயரின் முதலெழுத்துக்கள் அவை! கோபம் இல்லை, பிரசங்கம் இல்லை. திரும்பத் திரும்ப அதே வாக்கியம். நீதிபதி கோர்ட்டு அவமதிப்புக்கு ஆறு மாத ஜெயில் விதித்தார். கெண்டக்கி மாகாணத்து ஜெயிலில் கக்கூஸ் கழுவுகிற வேலை. டிசம்பரில் வெளியே வந்தபோது உடம்பு உருக்குலைந்திருந்தது.

ஹெல்மன் பின்னால் எழுதியது இது: ஹாமெட் அந்த நிதியின் ஆபீஸுக்கே போனதில்லை, பணம் கொடுத்த ஒருவருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. அப்படியானால் தெரியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வரலாமே என்று ஹெல்மன் கேட்டாராம். அப்படிச் சொல்ல மாட்டேன் என்றாராம் ஹாமெட்.

ஹெல்மனுடைய சாட்சியத்தின் மதிப்பை முன்பே சொல்லிவிட்டேன். ஆனால் இதை நான் நம்புகிறேன். ஹாமெட்டைப் படித்தவர்கள் நம்புவார்கள். தெரியாது என்று சொன்னால், தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று அர்த்தமாகிவிடும். ஏழெட்டு வருஷம் பிறரை வாய் திறக்க வைத்துச் சம்பளம் வாங்கியவருக்கு, வாய் எப்படித் திறக்கிறது என்பது தெரியும். முதலில் தீங்கில்லாத ஒரு சின்னப் பதில். இது உங்கள் கையெழுத்துத்தானே? ஆமாம். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். அடுத்த கேள்வி அந்த ஆமாமின் மேல் ஏறி உட்காரும். எத்தனை பேரை அவரே இப்படிப் படியேற்றிக் கொண்டுபோயிருப்பார்!

ஜெயிலிலிருந்து வந்தபோது வருமான வரிக்காரர்கள் காத்திருந்தார்கள். பாக்கி ஒரு லட்சம் டாலருக்கு மேல். ரேடியோவில் அவர் பாத்திரங்களை வைத்து நடந்துகொண்டிருந்த நாடகங்கள் நின்றுபோயின. வருமானம் எதுவும் கைக்கு வரவில்லை. 1953 மார்ச்சில் செனட்டர் மெக்கார்த்தியின் கமிட்டி கூப்பிட்டது. வெளிநாடுகளில் அமெரிக்க சர்க்கார் நடத்துகிற லைப்ரரிகளில் ஹாமெட்டின் நாவல்கள் ஏன் இருக்கின்றன என்பது விவகாரம். கம்யூனிஸத்தை எதிர்த்துப் போராடுகிற பொறுப்பு உங்களிடம் இருந்தால் இப்படிப்பட்டவர்களின் புத்தகங்களை வாங்கி வைப்பீர்களா என்று மெக்கார்த்தி கேட்டார். நானாக இருந்தால் ஜனங்களுக்குப் புத்தகம் என்பதையே கொடுக்க மாட்டேன் என்று ஹாமெட் பதில் சொன்னார்.

நியூயார்க்குக்கு வடக்கே கட்டோனா என்ற சிற்றூரில், சிநேகிதர் ஒருவர் கொடுத்த சின்ன வீட்டில் சில வருஷம் இருந்தார். பேட்டி காண வந்தவர் டைப்ரைட்டர்களைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, ஒரு காலத்தில் நான் எழுத்தாளனாக இருந்தேன் என்பதை ஞாபகப்படுத்திக்கொள்வதற்காக வைத்திருக்கிறேன் என்றார். 'ட்யூலிப்' என்று ஒரு நாவல் தொடங்கிப் பாதியில் விட்டார். அதில் வருகிற எழுத்தாளனிடம் பழைய பட்டாளத்துச் சிநேகிதன் வந்து, என் வாழ்க்கையை எழுது, எழுது என்று நச்சரிக்கிறான். எழுத்தாளன் எழுத மாட்டேன் என்கிறான். 1961 ஜனவரி 10-ஆம் தேதி ஹாமெட் காலமானார். நுரையீரலில் புற்றுநோய். இரண்டு யுத்தங்களிலும் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால், ஜெயிலில் போட்ட சர்க்காரே ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் இடம் கொடுத்தது. வரிப் பாக்கிக்காக அவருடைய எழுத்துக்களின் உரிமை ஏலத்துக்கு வந்தது. ஹெல்மனும் ஒரு நண்பரும் சேர்ந்து எடுத்தார்கள். விலை ஐயாயிரம் டாலர். பிராங்க் லிட்டிலின் உயிருக்குப் பேசியதாகச் சொன்ன அதே தொகை. கதையில் நான் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் நம்ப மாட்டார், அடித்துவிடுவார்.

ஹாமெட்டைப் புதிதாகப் படிக்க விரும்புகிறவர்கள் 'மால்ட்டீஸ் ஃபால்கனி'ல் தொடங்க வேண்டியதில்லை. சினிமா முகங்கள் குறுக்கே வந்து நிற்கும். பெயரில்லாத குள்ள மனிதனின் சிறுகதைகளில் நாலைந்தை முதலில் படிக்கலாம். பிறகு 'ரெட் ஹார்வெஸ்ட்.' அதற்கப்புறம் 'கிளாஸ் கீ.' அவருக்கே தம் புத்தகங்களில் பிடித்தது அதுதான் என்று சொல்வார்கள். துப்பறிகிறவனே இல்லாமல், ஒரு அரசியல்வாதிக்கும் அவனுடைய கையாளுக்கும் உள்ள சிநேகத்தை வைத்து எழுதியது. அந்தக் கையாள் கடைசி வரையில் தன் மனசில் இருப்பதை ஒருவரிடமும் சொல்வதில்லை. 'தின் மேன்' வேடிக்கையான புத்தகம். ரயிலில் படிக்கலாம்.